குறை என்றால் எந்தப் பக்கம்?

"ஏசியைக் கொஞ்சம் குறைங்க" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் சுருக்கென்று கோபம் வருகிறது. எதைக் குறைக்க வேண்டும்? காற்றையா, குளிரையா, டிகிரி எண்ணையா? சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! இப்படி நான் சீறினால் அலுவலகத்துக்குப் புதிதாக வந்தவர்கள் திருதிருவென்று முழிப்பார்கள். பழையவர்கள் அவர்களைத் தனியே கூப்பிட்டு, மேடத்திடம் அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதே என்று எச்சரித்து அனுப்புவார்கள். அந்த ஒரு சொல்லால் என் வீட்டுக்காரரின் உயிர் போகப் பார்த்தது. கோபப்பட எனக்கு உரிமை உண்டு.

ஹைதராபாத் நாச்சாரத்தில் ஒரு வணிகக் கட்டடத்துக்கு நான் மேலாளர். கீழே வங்கி, முதல் மாடியில் டயாலிசிஸ் மையம், அதற்கு மேலே சின்னச் சின்ன அலுவலகங்கள். லிஃப்ட், ஜெனரேட்டர், தண்ணீர் லாரி, ஏசி எல்லாம் என் தலையில். என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து காஞ்சன்பாக் பாதுகாப்புத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். நான் அந்தக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். என் வீட்டுக்காரரும் அம்பாசமுத்திரத்திலிருந்து அதே தொழிற்சாலைக்கு வந்தவர்தான். எங்கள் வீட்டில் இன்னும் நெல்லைப் பேச்சுதான், நடுநடுவே ஹைதராபாத் புகுந்துகொள்ளும். பிடிக்காத எதற்கும் அவர் "நக்கோட்டி" என்பார். இந்த ஊர்க்காரர்கள் வேண்டாம் என்பதற்குச் சொல்லும் நக்கோவையும் பெண்டாட்டியைக் கூப்பிடும் எங்கள் ஊர் ஏட்டியையும் சேர்த்து ஒட்டியது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதில்லை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் படுக்க வேண்டும். நான் வேலை பார்க்கும் கட்டடத்திலேயே மையம் இருந்தது எங்களுக்கு எவ்வளவு பெரிய வசதி! காலையில் ஒரே ஆட்டோவில் வருவோம். லிஃப்ட்டில் அவர் முதல் மாடியில் இறங்கிக்கொள்வார், நான் மேலே என் மேஜைக்குப் போவேன். மத்தியானம் ஒன்றாகச் சாப்பிடுவோம். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படி ஒழுங்காகத்தான் போனது.

அப்புறம்தான் எங்கள் முதலாளி கட்டடத்தின் தலையில் இன்னொரு மாடியை ஏற்றினார். புது மாடியில் ஆள் குடியேறச் சான்று வேண்டும். சான்று வேண்டுமென்றால் கட்டடம் மொத்தமும் மின்சேமிப்பு விதிக்கு உட்பட்டிருக்க வேண்டும். விதி அதிகம் ஒன்றும் கேட்கவில்லை. ஆள் இருக்கும்போது ஏசி ஓடட்டும், ஆள் இல்லாதபோது நிற்கட்டும் என்கிறது. ஆனால் அதை மனிதர்களின் நல்ல புத்திக்கு விட்டுவைக்க மாட்டேன், கருவி செய்ய வேண்டும் என்கிறது. அதில் எனக்கும் சம்மதம்தான். மனிதர்களின் நல்ல புத்தியை நான் தினமும் பார்க்கிறேனே! ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு ஏசி போடுகிற ஜனங்கள்.

ஆகவே ஏசியைக் கூட்டிக் குறைக்கும் பழைய திருகுகளை எல்லாம் பிடுங்கிவிட்டு, மாடிக்கு மாடி நிரல் போடக்கூடிய தெர்மோஸ்டாட்டுகளைப் பொருத்தினோம். வார நாளுக்கு ஒரு நேரம், சனிக்கிழமைக்கு ஒரு நேரம், ஞாயிறுக்கு ஒரு நேரம் என்று அதற்குச் சொல்லிக்கொடுக்கலாம். கரண்ட் போனாலும் மணியை மறக்காது. யாருக்காவது அவசரமென்றால் அம்புக்குறிப் பொத்தானை அழுத்தி எண்ணை மாற்றிக்கொள்ளலாம்; இரண்டு மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அதுவே பழைய எண்ணுக்குத் திரும்பிவிடும். இரண்டாம் சனிக்கிழமை வங்கிக்கு விடுமுறை என்பதை அதன் மண்டையில் ஏற்றத்தான் கம்பெனிக்காரர்களோடு மல்லுக்கு நின்றேன். ஒவ்வொன்றுக்கும் மேலே கண்ணாடிப் பெட்டிபோல் ஒரு பிளாஸ்டிக் மூடி, பூட்டு, சாவி. டயாலிசிஸ் மையம் மட்டும் மருத்துவப் பகுதி என்பதால் அங்கே எண்ணை வேண்டிய அளவு ஏற்றி இறக்க விட்டு, சாவியையும் நர்ஸ்களிடமே கொடுத்தோம்.

அந்த நாட்களில் நான் சாமி வந்தவள் மாதிரி ஆடிக்கொண்டிருந்தேன் என்று என் மகள் சொல்கிறாள். இருக்கலாம். சான்றுக்கான சோதனையில் தேறவில்லை என்றால் வேறு கட்டடம் பார்த்துக்கொள்ளம்மா என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டே சொல்வதுதான் அந்த ஆளிடம் பயம். எனவே நானும் கட்டடம் முழுக்க ஒரு சட்டம் போட்டேன். சோதனை முடியும் வரை எவரும் என்னிடம் டிகிரி பற்றிப் பேசக்கூடாது. வீட்டிலும் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே அதைத்தான் சொன்னேன். "இனிமே பெட்டியத் தொறன்னு எவன் வந்தாலும் கெடையாது. நீங்களே கேட்டாலும் கெடையாது, ஆமா."

"நான் என்னத்துக்குட்டி கேக்கேன்" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிட்டார்.

கருவிகள் வந்த கொஞ்ச நாளில் அவர் டயாலிசிஸிலிருந்து பாதியில் எழுந்து வர ஆரம்பித்தார். முதல் தடவை அவர் என் மேஜை முன்னால் வந்து நின்றபோது மணி தப்பாகப் பார்த்துவிட்டேனோ என்று நினைத்தேன். போதும் என்று சொல்லி, ஊசியை எடுக்கச் சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்த தடவை முழுக்க இருந்தார். எனக்கு மூச்சு வந்தது. மறுபடியும் பாதியில்.

"என்னத்துக்கு எந்திரிச்சு வந்தீய?"

"போரடிக்குட்டி. எம்புட்டு நேரம்தான் மேல பாத்துக்கிட்டுக் கெடக்க?"

"போரடிச்சா செத்துப்போவீயளா?"

"சவத்த விடு" என்பார்.

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். நல்ல மனுஷி, சுற்றி வளைக்கத் தெரியாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுகிறது, அதை இந்த மெஷின் மட்டும்தான் இறக்கும், பாதி நேரம் ஓடினால் பாதிதான் இறங்கும் என்றார். அவர் பேசியது தெலுங்கில். கடைசி வாக்கியம் மட்டும் எனக்குத் தமிழாகவே நினைவிருக்கிறது. ஒருநாள் தூக்கத்திலேயே இதயம் நின்றுவிடும். அன்றிலிருந்து நான் தூங்கவில்லை. பக்கத்தில் படுத்திருக்கும் ஆளின் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு ஒரு பெண் எப்படித் தூங்குவாள்? அது ஒருமுறை நீளமாக நின்று கிளம்பினால் எழுந்து உட்கார்ந்துகொள்வேன். விடிந்ததும் அந்தப் பயமெல்லாம் கோபமாக வாயில் வரும். குழம்பில் உப்பைக் குறை, தேங்காயைத் தொடாதே, வாழைப்பழத்தை மற என்று நான் பத்தியம் காக்கிறேன். இவர் போய்ப் போரடிக்கிறது என்று ஊசியைப் பிடுங்கிக்கொண்டு வருகிறார். வெறுத்துவிட்டது. எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவ்வளவு சண்டை போட்டதில்லை.

இதற்கு நடுவில் சளி. அதைச் சொல்லாமல் விட முடியாது.

என் மகள் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வாள். ஒருநாள் என்னால் முடியாமல் அவள் அப்பாவுக்குத் துணையாகப் போனாள். சாயங்காலம் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நான்னாக்கு அக்கட சாலா சலி அம்மா" என்றாள். அப்பாவுக்கு அங்கே ரொம்பச் சளியாம். நான் என்ன செய்வேன்? அடுப்படியிலிருந்து வந்து, அவர் சட்டையைக் கழற்றச் சொல்லி, மார்பிலும் முதுகிலும் தைலத்தை வைத்துத் தேய்த்தேன். "சளி பிடிச்சிருக்குன்னா சொல்ல மாட்டீயளா?" என்று திட்டிக்கொண்டேதான் தேய்த்தேன். அவர் என் முகத்தை ஒருமாதிரிப் பார்த்தார். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் அதற்குள் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தெலுங்கில் சலி என்றால் குளிர். எனக்கு அது தெரியாதா? பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், தெலுங்கில் திட்டவே தெரியும். ஆனால் வீட்டு வாசற்படிக்குள் நுழைந்துவிட்டால் என் காது தமிழ்க் காது ஆகிவிடும். எங்கள் ஊர்ப் பக்கம் சளியை 'ச்சளி' என்று அழுத்தித்தான் சொல்வோம், தெலுங்குக்காரர்கள் சலியைச் சொல்வது போலவே. என் மகள் வாயிலோ லகரமும் ளகரமும் ஒன்றுதான். யாராக இருந்தாலும் தைலத்தைத்தான் எடுத்திருப்பார்கள்.

கட்டடத்தில் வேறொரு தலைவலி. கரண்டைச் சேமிக்கக் கருவி போட்டோமே, எல்லா மாடியிலும் மீட்டர் அடங்கி ஓடியது, முதல் மாடியில் மட்டும் முன்னைவிட வேகமாக ஓடியது. முதலாளிக்குக் கேட்கவா வேண்டும்! "நல்ல மெஷினம்மா, பூனையைப் பாலுக்குக் காவல் வச்ச மாதிரி" என்றார், மறுபடியும் சிரித்துக்கொண்டே. கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். கருவியில் கோளாறு இல்லை என்றார்கள். அப்படியானால் நர்ஸ்கள்தான் குளுகுளுவென்று வைத்துக்கொள்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். அவர்களும் பாவம்தான், கவுன், மாஸ்க், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு, சூடு கக்கும் மெஷின்களுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். இருந்தாலும் விட்டேனா? காலை ஷிப்ட் நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டேன். அந்தப் பெண் கண்ணில் தண்ணீர் முட்ட, "லேது மேடம், பேஷண்ட்ஸ் அடிகித்தே தக்கிஸ்துன்னானு" என்றாள். நோயாளிகள் கேட்கும்போதெல்லாம் குறைத்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்கிறாள். குறைத்தால் மீட்டர் ஏன் ஓடுகிறது? பொய் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டேன்.

சோதனை நாள் வந்தது. அன்று காலையே சகுனம் சரியில்லை. என் வீட்டுக்காரர் கால் இரண்டும் வீங்கி, செருப்புக்குள் போக மறுத்தன. முந்தின தடவையும் பாதியில் எழுந்து வந்ததன் பலன். டாக்டர் மையத்து வாசலிலேயே எங்களை மறித்துக்கொண்டார். இன்று முழு நேரமும் ஓடியே ஆக வேண்டும், இல்லையென்றால் இங்கிருந்து நேராக ஐசியுவுக்குத்தான் அனுப்புவேன் என்று அவரிடமே சொன்னார். அவர் சரி சரி என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் அறிவேன். "இன்னிக்கு மட்டும் எந்திரிச்சு வந்தீயோ, நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். கீழே சோதனைக்காரர் வந்துவிட்டதாக வாட்ச்மேன் போன் அடித்துக்கொண்டே இருந்தான்.

சோதனைக்காரர் பழைய ஹைதராபாத்வாசி. வெள்ளைத் தாடி, தேய்த்த சட்டை, அதிகம் பேசாத மனிதர். ஒரு கருவி முன்னால் நிற்பார், பார்ப்பார், "ஹூம்" என்பார். அந்த ஹூம் நல்லதா கெட்டதா என்று பிடிபடவே இல்லை. வங்கியில் தெர்மோஸ்டாட்டுக்குப் போகும் கரண்டை நிறுத்தச் சொன்னார். திரும்பக் கொடுத்ததும் அது சரியான மணியைக் காட்டியது. ஹூம். விடுமுறை நாள் நிரலைக் காட்டச் சொன்னார். இரண்டாம் சனிக்கிழமையைக் காட்டினேன், கொஞ்சம் பெருமையாகத்தான். அதற்கும் ஹூம். அலுவலக மாடிகளைப் பார்த்தார். எனக்குப் பாதி மனசு அவர் விரலில், பாதி முதல் மாடியில். லிஃப்ட் மணி அடிக்கும்போதெல்லாம் வீங்கிய காலோடு என் வீட்டுக்காரர்தான் இறங்கி வருகிறாரோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

"இந்த முதல் மாடி ஏன் இப்படித் தின்கிறது?" என்று மீட்டரைக் காட்டி உருதுவில் கேட்டார் சோதனைக்காரர். நான் எதையோ சொல்லி மழுப்பினேன். நேரில் பார்ப்போம் என்று நடந்தார்.

மையத்துக் கதவைத் தள்ளியதுமே என் வீட்டுக்காரர் குரல் கேட்டது. "எடுத்துரும்மா. போதும். நக்கோ, எடுத்துரு." நர்ஸ் அவர் படுக்கையோரம் நின்று தெலுங்கில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். பாதிதான் ஆகியிருக்கிறது அங்கிள், டாக்டர் என்னைத் திட்டுவார் அங்கிள். அவர் ஊசி குத்தாத கையால் டேப்பைப் பிய்க்கப் போனார்.

எனக்குச் சோதனைக்காரர் மறந்துபோனார், முதலாளி மறந்துபோனார், உத்தியோகம் மறந்துபோனது. போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன மனுஷன்யா நீரு? செத்துத்தான் போகணும்னா சொல்லிருங்க. நானும் தைலம் தேய்க்காம, பத்தியம் ஆக்காம, நிம்மதியா இருப்பேன்லா? என்ன போரடிக்கு உங்களுக்கு? சொல்லுங்க, இன்னிக்குச் சொல்லுங்க!"

தமிழில் கத்தினால் அங்கே யாருக்கும் புரியாது என்று நினைத்தேன். பக்கத்துப் படுக்கைகளில் கழுத்துவரை போர்வையோடு கிடந்தவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். தாடை மட்டும் தனியாக ஆடியது. நான் பிடித்திருந்த கை ஐஸாக இருந்தது. அப்போதுதான் அவர் மேல் இரண்டு போர்வை இருப்பதைப் பார்த்தேன்.

"குளுருதுட்டி" என்றார்.

"என்னது?"

"குளுருது. தாங்க முடியல. எலும்புக்குள்ள குளுருது."

"அத எங்கிட்டச் சொல்லுததுக்கு என்ன?"

"சொன்னா நீ பெட்டியத் தொறப்ப. அந்தாளு வந்து பாத்து ஃபெயில் போட்டுட்டா? ஒன் வேல போயிரும்லா. நீதானட்டி சொன்ன, நீங்களே கேட்டாலும் கெடையாதுன்னு." பல் அடித்துக்கொண்டதில் ஒவ்வொரு சொல்லும் இரண்டு மூன்று துண்டாகத்தான் வந்தது.

எனக்காக வாயை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறது இந்த மனுஷன். தைலம் தேய்க்க முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நினைவு வந்தது. அழுகை வந்தது, கூடவே அதைவிடப் பெரிய கோபம் வந்தது.

"கூறுகெட்ட மனுஷா! குளிரக் குறைச்சா கரண்டும்லா குறையும்! அந்தாளு ஃபெயிலா போடுவான்? மாலைல்லா போடுவான்!" என்று கத்திவிட்டு நர்ஸைப் பார்த்து, "முந்து ஏசி தக்கிஞ்சு!" என்றேன். முதலில் ஏசியைக் குறை.

அந்தப் பெண் ஓடினாள். சுவரில் சோதனைக்காரர் நின்றிருந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் தெர்மோஸ்டாட். மூடியைத் திறந்தாள். கீழ்நோக்கிய அம்பை அழுத்தினாள். இருபத்தொன்று இருபதானது. மறுபடி அழுத்தினாள். பத்தொன்பது. "தக்கிஞ்சானு மேடம்" என்று திரும்பினாள், குறைத்துவிட்டேன் என்று. தலைக்கு மேலே காற்றுத் துளை உஸ்ஸென்று இன்னும் வேகமாக ஊத ஆரம்பித்தது.

பத்தொன்பதையும் காற்றுத் துளையையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"அடிப்பாவி" என்றேன் கடைசியில். "என்ன செஞ்ச நீ?"

அவள் பயந்துபோய்ச் சொன்னாள். நீங்கள்தானே மேடம் குறைக்கச் சொன்னீர்கள், எண் குறைந்திருக்கிறது பாருங்கள். அவள் கிராமத்திலிருந்து வந்தவள். இங்கே பெண்கள் விடுதியில் இருக்கிறாள், அங்கே ஏசி கிடையாது, கூலர்தான். கூலரில் ஒன்று வைத்தால் கம்மி, மூன்று வைத்தால் ஜாஸ்தி. ஃபேனிலும் அப்படித்தானே மேடம்? முன்பு இங்கேயிருந்த திருகிலும் ஏசி குறைய வேண்டுமென்றால் கம்மிப் பக்கம்தான் திருப்புவோம். அவள் சொன்னது நியாயம்தான். என் வாயிலிருந்தே அதே சொல்தான் வந்தது.

அப்படித்தான் நடந்திருக்கிறது, கருவி வந்த நாளிலிருந்து. குளிர்கிறது, ஏசியைக் குறை என்று இவர்கள் கேட்டிருக்கிறார்கள். அவள் எண்ணைக் குறைத்திருக்கிறாள். இன்னும் குளிர்ந்திருக்கிறது, இன்னும் கேட்டிருக்கிறார்கள். குளிரக் குளிரக் கேட்டார்கள், கேட்கக் கேட்கக் குளிர்ந்தது. படுக்கையிலிருந்து பார்த்தால் எண் தெரியாது. டயாலிசிஸ் என்றாலே இப்படித்தான் குளிரும்போல என்று மற்றவர்கள் போர்வையை இழுத்துக்கொண்டு கிடந்தார்கள். இவர் எழுந்து வந்துவிட்டார். கீழே மீட்டர் சுற்றியது, மேலே பொட்டாசியம் ஏறியது.

நானே போய் மேல் அம்பை அழுத்தினேன். இருபத்தாறில் நிறுத்தி, இரண்டு மணி நேரத்தில் திரும்பிப் போகாதபடி நிரலையும் மாற்றினேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பான பொத்தானை அழுத்தினேன். சோதனைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். காற்றுத் துளையின் சத்தம் மெல்ல அடங்கியது. படுக்கைக்குத் திரும்பி வந்தேன்.

"இன்னும் பாதி கெடக்கு. இருப்பீயளா?"

"பாப்போம்" என்றார்.

"பாப்போமாவது? இருப்பீயளான்னு கேக்கேன்."

அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். தாடை இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. குளிர் போவதற்குள் மறுபடி டேப்பில் கை வைத்தால்? அங்கேயே உட்கார்ந்துவிடத் துடித்தேன். ஆனால் சோதனைக்காரர் கதவுப் பக்கம் போய்விட்டார். புது மாடி பாக்கி இருந்தது. சான்றே அதற்குத்தான். நர்ஸிடம், அவர் என்ன சொன்னாலும் ஊசியை எடுக்காதே என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஓடினேன்.

புது மாடியில் சோதனைக்காரர் என்ன கேட்டார், நான் என்ன காட்டினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வாய் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. காது முழுக்க லிஃப்ட்டில்தான். ஒருமுறை மணி அடித்துக் கதவு திறந்தபோது பாதிப் பேச்சை விட்டுவிட்டு ஓடினேன். வந்தது டீ கொண்டுவந்தவர். எல்லாம் முடிந்து என் மேஜைக்கு வந்து உட்கார்ந்ததும், சோதனைக்காரர் வரைபடத்தில் முதல் மாடியைத் தொட்டுக் காட்டினார். வரைபடத்தில் வேறு எண் இருக்கிறதே, அங்கே நீங்கள் இருபத்தாறு வைத்தீர்களே.

"யே கைக்கு?" என்றார். இது எதற்கு?

மின்சேமிப்பு, நோயாளிகளின் சௌகரியம் என்று சொல்ல நல்ல இங்கிலீஷ் வார்த்தைகள் எனக்குத் தெரியும். வாயில் வந்தது வேறு. "மேரே மியாங்கு டண்டி லக்ரி, சாப்" என்றேன். என் வீட்டுக்காரருக்குக் குளிர்கிறது ஐயா.

அவர் என்னைப் பார்த்தார். ஹூம் என்றார். பிறகு அந்த எண்ணைத் திருத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டு, "ஜாவ்மா, பெஹ்லே உன்கு தேக்கோ" என்றார். முதலில் அவரைப் போய்ப் பாரம்மா.

லிஃப்ட்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியில் இறங்கினேன். கதவைத் தள்ளப் பயமாக இருந்தது. தள்ளினேன். படுக்கையில் இருந்தார். ஊசி இருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்துகொண்டு நல்ல தூக்கம், பெரிய குறட்டை. இரண்டு போர்வையையும் உதைத்துக் கால்மாட்டில் தள்ளியிருந்தார். பக்கத்துப் படுக்கைக்காரர்கள்கூடக் கையை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு கிடந்தார்கள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் கையைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. அப்புறம்தான் அழுதேன்.

மூக்கை உறிஞ்சிய சத்தத்தில் முழித்துக்கொண்டார். நெற்றியைத் துடைத்துப் பார்த்தார். லேசாக வேர்த்திருந்தது.

"ஏட்டி, புழுங்குது" என்றார். "ஏசியக் கொஞ்சம் கூட்டச் சொல்லு."

நர்ஸுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் ஏசி என்றது புரிந்துவிட்டது. ஓடிப்போய் மூடியைத் திறந்து, விரலைத் தூக்கி, தொடாமல் அப்படியே நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மேடம், ஏ வைப்பு?" எந்தப் பக்கம்?

டயாலிசிஸ் முடிய இன்னும் நேரம் இருந்தது.

"எந்தப் பக்கமும் வேண்டாம்" என்றேன். "அவர் புழுங்கட்டும்."